பேட்டியில் விட்டுப்போன ஆள்

வெள்ளிக்கிழமை காலை என் பேட்டி பாட்காஸ்டில் வெளியாகும் என்று சொல்லியிருந்தார்கள். வியாழன் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே ஒரு தறி போட்டு, நெய்த பட்டுச்சேலையைக் கடைக்குக் கொடுக்காமல் நேராக வாடிக்கையாளருக்கு விற்கிற ஆள் நான். கடை போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. என் குரலை நாலு ஊரில் கேட்டால் நம்பி வாங்குவார்கள் என்று சென்னையில் பாட்காஸ்ட் நடத்தும் ஒரு தம்பி அழைத்தார். போய் மைக் முன்னால் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து பேசியதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜரிகையைப் பற்றி ஏதாவது உளறியிருந்தால்? பக்கத்துக் கடைக்காரர்களைக் குத்தியதுபோல் ஏதாவது வந்திருந்தால்? இந்த ஊரில் ஒரு வார்த்தை தப்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை நானும் என் மனைவியும் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம். ஜரிகை பற்றிச் சொன்னதெல்லாம் சரி. கடைக்காரர்கள் பேச்சையே நான் எடுக்கவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இன்னாமா, நல்லா இல்லியா?"

"நல்லாத்தான் இருக்குது. நான் நெய்வேன், நான் நெய்வேன்னு சொல்லிக்கினே இருந்தீங்க. சரி, நீங்களே நெய்ங்க."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தறியில் நெய்வது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோத்துப்போக, ஊடு இழையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா மூன்று ஓடவேண்டும். இரண்டை நான் பார்த்துக்கொள்வேன். வலது கரை நாடா அவளுடையது. பதினெட்டு வருடமாக என் வலது பக்கத்தில் உட்கார்ந்து அவள் வீசாமல் ஒரு சேலையும் முடிந்ததில்லை. கோர்வை நெய்கிறவன் தனியாக நெய்கிறேன் என்றால் இந்தத் தெருவே சிரிக்கும். மைக் முன்னால் எனக்கு அது தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

ஏனென்றால் மதியத்திலிருந்து போன் ஓயவில்லை. பேட்டியால் லாபம் இல்லை என்று சொல்லமாட்டேன். முன்பெல்லாம் அசல் பட்டுதானா என்று பத்துத் தரம் கேட்பார்கள். இப்போது, "உங்க பேச்சைக் கேட்டேன் சார், அது போதும்" என்றார்கள். கோயம்புத்தூர் அம்மா ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று சேலை கேட்டார். ஆனால் நான் நெய்வதை மறுநாள் காலை வீடியோவில் பார்க்கவேண்டுமாம்.

மறுநாள் தறியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவள் வராவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை. கூப்பிட வாய் வரவில்லை. போன் அடித்தது. மணி நிற்கப்போகும் நேரத்தில் அவளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். போனை எடுத்துச் சாய்த்து வைத்துவிட்டு நாலு இழை ஓட்டினோம்.

"பக்கத்துல யாருங்க?" என்றார் அந்த அம்மா.

நான் வாயெடுப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "கூலி ஆளும்மா."

தறி நின்றது. நாடாவைக் கீழே வைத்துவிட்டுப் போன் பக்கம் திரும்பினேன்.

"என் சம்சாரம்மா. அவங்க இல்லாம என்னால ஒரு சாண் நெய்ய முடியாது" என்றேன்.

அவள் நாடாவை வீசினாள். என்னைப் பார்க்கவில்லை.

"இத அங்க சொல்லியிருக்கணும்" என்றாள்.