போத்தலில் ஒட்டிய தாள்

1959 மார்ச் 14, சனிக்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். தவக்காலம் என்பதால் சீனி போடாத தேநீர். ஐந்தே முக்காலுக்குப் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்பினேன். அரைநாள் வேலை. கொழுந்தை நிறுத்து முடித்து, பன்னிரண்டரைக்குக் கோயிலைத் திறந்தேன்.

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்த சிறிய மாதா கோயில் அது. கணக்கப்பிள்ளை வேலையோடு அதன் சாவியும் பதினொரு வருடமாக என்னிடம்தான். குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலைச் சனிக்கிழமை பகலில் வெந்நீரில் வைத்து உருக்கி, மாதா விளக்குக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதை நானே ஊற்றுவேன். மாலையில் சாவி வாங்கிப்போய் விளக்கேற்றுவது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்து கொழுந்து பறிக்கும் ஒரு விதவை. மகனைப் பறிகொடுத்த பிறகு அவளாகக் கேட்டு வாங்கிய வேலை. போத்தலை அவள் தொட வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் ஒரு பூசையில் அவள் தலைமுடி எண்ணெயில் பளபளத்ததைப் பார்த்தேன். அந்த வாரமே போத்தலில் தாள் ஒட்டி, எண்ணெய் மட்டத்துக்குப் பென்சிலால் கோடு போட்டேன். மூன்று ஞாயிறு காலையும் எண்ணெய் கோட்டுக்குக் கால் அங்குலம் கீழே இருந்தது. குறித்துக்கொண்டு தாளைக் கிழித்துவிடுவேன். அடுத்த சனிக்கிழமை ஊற்றிய பின் புதுத் தாள். அன்று பகலும் அப்படியே கோடு போட்டாயிற்று. மறுநாள் பூசைக்கு வரும் சாமியாரிடம் கொடுக்க, அவளை விளக்கு வேலையிலிருந்து விலக்கச் சொல்லி ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தேன்.

அன்று மாலை அவள் சாவி வாங்கிப்போய்க் கால்மணி கழித்து நானும் போனேன். எண்ணெய் உறைந்து, கோட்டுக்குக் கீழே கிடந்தது. தாளைக் காட்டிக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கோடு போட்டபோது எண்ணெய் உருகியிருந்ததா என்று மட்டும் விசாரித்தாள். ஆமாம் என்றேன். போத்தலை எடுத்துக் கம்பளிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“நோம்புக்கு ஐயா சீனிய விட்டுட்டாருன்னு லயமே பேசுதுங்க. எம்மேல இருக்கிற சந்தேகத்தயும் சேத்து விட்டிருந்தா, நான் இப்படிப் போத்தல அடைகாக்க வேணாமுங்க.”

சிலுவைப்பாதைக்கு வந்து நின்ற பெண்கள் சிரித்தார்கள். வழக்கமாக முன்னால் நின்று வாசிப்பவன் நான். அன்று புத்தகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, அவளுடைய இரண்டு கையும் தெரிகிற இடத்தில் நின்றேன். கம்பளிக்குள் வேறு எண்ணெய் இருந்தால்? பதினான்கு ஸ்தலமும் ஜெபமாலையும் முடிந்தன. என் வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை.

போத்தலை விளக்கருகே வைத்தாள். அடியில் கொஞ்சம் வெண்மை தவிர எல்லாம் உருகியிருந்தது. மட்டம் கோட்டுக்கு ஒரு நூல் கீழே. உறைந்தால் எண்ணெய் கெட்டியாகும் என்று அறிவேன். சுருங்கி இறங்கும் என்று இத்தனை வருடக் குளிரிலும் நான் யோசித்ததில்லை. அப்போதும், அந்த ஒரு நூல் எங்கே போயிற்று என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அது தோன்றியதும் பயந்துபோனேன். சீனியை விட்டது எனக்குச் சுலபமாக இருந்தது. அவளைக் கண்காணிப்பதில் அதைவிட ருசி இருந்தது. அவள் தலைக்கு எண்ணெய் ஏது என்று நான் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் இன்னொரு தாள் ஒட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை அடுப்பில் போட்டேன். மறுநாள் எழுந்ததும், தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே லயத்துக்கு இறங்கிப்போய்ச் கோயில் சாவியை இனி அவளே வைத்திருக்கும்படி அவள் கையில் கொடுத்தேன்.