புல்லை விலக்கி எடுத்த படம்

1. தரையில் படுத்த நாள்

மலைமேல் செண்பகனூரில் ஸ்டுடியோ வைத்து முப்பது வருடம் பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், சர்ச்சில் புதுநன்மை என்று படம் எடுத்தவன் நான். பூவைப் படம் எடுக்கும் வேலை ஞானம் டீச்சரால் வந்தது. தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்துக் காட்டுப்பூக்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். முழங்கால் வலி அவரைச் சரிவில் இறங்க விடவில்லை.

"மேலே பூக்கிறதை எல்லாரும் எடுத்துட்டாங்க ஜெயராஜ். கீழே காஞ்சு கெடக்குற காட்டைத்தான் யாரும் திரும்பிப் பாக்கல. சித்திரையில ஒரு மழை விழுந்ததும் வெள்ளனே கெளம்பிப் போங்க."

போனேன். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் சாலையில், முதல் சில வளைவுகளைத் தாண்டி ஒரு சரிவு. ஸ்வெட்டரைக் கழற்றிக் கல்லில் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்தேன். நின்று பார்த்தபோது வெறும் சருகும் கல்லும்தான். மேக்ரோ லென்ஸ் வழியாகப் பார்த்தால் விஷ்ணுகிரந்தி நீலம் நீலமாய் விரிந்துகிடந்தது. சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத பூ. அதற்குள் ஒரு எறும்பு போய், வழி மறந்ததுபோல் நின்றது. நானும் அப்படியே கிடந்தேன். மண்ணிலிருந்து மழை வாசனை இன்னும் போகவில்லை. கீழே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது, வேறு யாருடைய ஊரிலோ கேட்பதுபோல. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை.

2. பூவுக்குத் தலை சீவியது

எழும்போதுதான் அதைப் பார்த்தேன். காய்ந்த புல்லுக்குள் இலையே இல்லாமல் முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு; அதில் பச்சையும் ஊதாவுமாய் ஏழெட்டுப் பூ. செல்போனில் எடுத்து டீச்சருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"தரை ஆர்க்கிட் ஜெயராஜ்! பத்து வருஷமாத் தேடுறேன். நல்லா ஒரு படம் எடுங்க. காய் முத்துனதும் இன்னொண்ணு வேணும், காயைப் பாக்காம இன்னதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சுத்தி வேற இருக்கா?"

தேடிப் பார்த்தேன். அது ஒன்றுதான்.

கேமராவை வைத்தால் பூவின் குறுக்கே நாலு புல். பேக்ரவுண்டிலும் புல். ஸ்டுடியோக்காரன் கை சும்மா இருக்குமா? வந்தவருக்குத் தலை சீவி, காலரைச் சரிசெய்து பழகிய கை. சுற்றியிருந்த புல்லையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். பூ தனியாக, மணப்பெண் மாதிரி நின்றது. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மா நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"போட்டோக்காரரே, செரைச்சு முடிச்சாச்சா?"

நானும் சிரித்தேன்.

3. ஆறு வாரம் கழித்து

காயை எடுக்கப் போனால் விரல் அளவுக்கு, ஆடு கடித்த ஒரு கட்டைதான் இருந்தது. பேச்சியம்மாவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"என்னைய ஏங்க கோவிக்கிறீக? வருசம் பூரா இதே வழியாத்தான் ஆடு போகுது. புல்லுக்குள்ள நின்ன வரைக்கும் அதுக கண்ணுல படல. நீங்கதான் மொட்டையடிச்சு எடுத்துக் காட்டுனீக."

டீச்சரிடம் ஆடு தின்றுவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். மலை ஏறும் வழியெல்லாம் அந்த யோசனைதான். கடைசியில் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெதையும் போச்சுல்ல?" என்றார் மெதுவாக.

அதற்குப் பிறகு மூன்று சித்திரைகள் அங்கே போய்த் தேடிவிட்டேன். அது கண்ணில் படவில்லை. இப்போதெல்லாம் நான் எடுக்கும் பூக்களின் முகத்தில் புல் குறுக்கே ஓடும், சருகு மூடியிருக்கும். பார்க்கிறவர்கள் குறை சொன்னால் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன். இளைய போட்டோகிராபர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கேமராவைத் தள்ளி வையுங்கள், புல்லைத் தள்ளாதீர்கள்.

புத்தகம் வந்துவிட்டது. அந்த ஆர்க்கிட் வரும் பக்கத்தில் என் படம், அதை ஒட்டிக் காலியாக ஒரு கட்டம். அதன் கீழே 'காய் கிடைக்கவில்லை' என்று அச்சிட்டிருக்கிறார் டீச்சர். புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் அங்கே வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள்.

"இருக்கிறதுலயே இந்தப் படந்தான் சார் க்ளீனா வந்திருக்கு" என்கிறார்கள்.