இரண்டு ஸ்டொப் வாட்ச்

எனக்கு ஒருவன் செய்ததை நான் மறப்பதில்லை. 'வயது போயிட்டுது, விட்டுத் தள்ளுங்கோவன்' என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள், அதுதான் அப்படிச் சொல்ல முடிகிறது. நான் பழி எடுத்தவன். எப்படி எடுத்தேன், எடுத்து என்ன கண்டேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். என்னை நல்ல மனிசன் என்று நினைத்து வாசிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் நான் விளையாட்டு ஆசிரியர். பள்ளிக்கூட இல்லங்களுக்கு இடையில் ஓட்டம், பாய்தல் என்று மெய்வல்லுநர் போட்டி வந்தால் நேரம் எடுப்பதற்கு அயல் பள்ளிக்கூடங்களும் என்னைத்தான் கூப்பிடும். வாட்ச் அமுக்குவதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது, இப்போதும் இருக்கிறது. எண்பதுகளில், கலவரத்துக்குப் பிறகு சனம் கிடைத்த பிளேனில் ஏறிய காலத்தில், மனைவியையும் எட்டு மாதக் குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு மொன்றியலுக்கு வந்து சேர்ந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டு அறை வீட்டில் ஆறு பேர். லாசாலில் பெட்டி ஒட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே ஆறு மாதம் நின்றால் வேலைக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பிக்கலாம். நான் பெட்டி ஒட்டவில்லை, நாள் எண்ணினேன்.

ஐந்தரை மாதமானபோது கோடை வந்தது. கோடை விடுமுறைக்கு மேலாளரின் மருமகன் வேலைக்கு வந்தான். கல்லூரிப் பெடியன், ஆறடி உயரம், எந்த நேரமும் கையில் ஒரு முட்டை வடிவப் பந்து. இந்த நாட்டில் உதைபந்து என்று பெயர் வைத்துக்கொண்டு கையால் விளையாடுவார்களே, அந்தப் பந்து. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளை முடிகிற நேரம் அதை மேலே எறிந்து பிடித்துக்கொண்டு வந்தவன் தவறவிட்டான். பந்து ஒட்டும் இயந்திரத்துக்குள் போய்ச் செருகி பெல்ட் பிய்ந்துவிட்டது. அவன் பந்தை இழுத்து எடுத்துச் சட்டைக்குள் ஒளித்தான். மாமன்காரன் ஓடி வந்து பிரெஞ்சில் கத்தினான்.  பெடியன் விரலை மட்டும் நீட்டினான், என்னை நோக்கி.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். மாமனுக்கு அன்றைக்கு மட்டும் ஆங்கிலம் விளங்கவில்லை. அடுத்த நாள் வேலை இல்லை, கடிதமும் இல்லை. இன்னொரு வேலை தேடி, அங்கே இன்னொரு ஆறு மாதம் நின்று, விண்ணப்பித்து, விசா வந்து சேர ஒன்றரை வருசம் பிந்திவிட்டது. விமான நிலையத்தில் மூன்று வயதில் வந்து இறங்கிய மகள் தாயின் சீலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "அம்மா, இந்த மாமா ஆர்?" என்று கேட்டாள். மனைவி சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டாள். நான் அழவில்லை. அந்த நீட்டிய விரல் எனக்கு முன்னால் நின்றது. 'உன்னை ஒரு நாளைக்குப் பார்க்கிறன்ரா' என்று மனதுக்குள் சொன்னேன்.

நான் தேடிப் பிடித்த அந்த இரண்டாவது வேலை ஒரு தொழில்முறை அணியில், அதே முட்டைப் பந்து விளையாடும் அணியில். வீரர்களின் உடுப்புத் தோய்ப்பது, காயப்போடுவது, மடிப்பது. வருசத்துக்கு ஒரு தடவை அவர்கள் கல்லூரிகளில் இருந்து புது ஆட்களை எடுப்பார்கள். எல்லா அணிகளும் முறை வைத்து, ஒரு அணி ஒரு பெயர் என்று தெரிவு செய்யும். அதற்கு முதல் நல்ல பெடியன்களை ஒரு உள்ளரங்கத்துக்குக் கூப்பிட்டு, பாயவைத்து, பாரம் தூக்கவைத்து, நாற்பது கஜம், இவர்கள் கணக்கில் நாற்பது யார், ஓடவிட்டு, தரவரிசை போடுவார்கள். எங்கள் அணியில் அதற்குப் பொறுப்பாக ஒரு அமெரிக்கக் கிழவர் இருந்தார், எப்போதும் வாயில் ஒரு பல்லுக்குத்தி. அவருடைய அறைச் சுவர் முழுக்க ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு அட்டை. படம், உயரம், எடை, விலாசம், ஓடிய நேரம். நல்லவன் மேலே, மற்றவன் கீழே.

நான் சேர்ந்த முதல் வருசம் நேரம் எடுக்கிற ஆள் சுகமில்லை என்று வரவில்லை. நான் எடுக்கிறேன் என்றேன். கிழவர் என் கையில் இருந்த துவாய்க் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாட்சைத் தந்தார். முடிவுக் கோட்டில் போய் நின்றேன். ஊரில் தொடக்கத் துப்பாக்கியின் சத்தத்துக்கு அமுக்கமாட்டோம், புகையைக் கண்டவுடன் அமுக்குவோம். சத்தம் வந்து சேரப் பிந்தும். இங்கே துப்பாக்கி இல்லை, ஒருவர் கையை உயர்த்திக் கீழே போட்டார். அந்தக் கையைத்தான் புகை என்று எடுத்து, அது விழ விழ அமுக்கினேன். பத்துப் பேரின் நேரத்தை வாசித்தேன். கிழவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"இவன்கள் ஓடுகிறார்களா, அலுமாரி தூக்கிக்கொண்டு போகிறார்களா?" என்று கத்தினார்.

பிறகு என் பிழை அவருக்கு விளங்கியது. கை விழுவது வெறுமனே 'நாங்கள் தயார்' என்பதற்கு. அதன் பிறகு பெடியன் மூச்சை இழுத்து, தனக்கு வேண்டியபோது கிளம்புவான். அவன் உடம்பு அசைகிற கணத்தில்தான் அமுக்க வேண்டும். "நீ என் உதவியாளரின் கையை அளக்காதே, பெடியனை அளந்து தா" என்றார். திருப்பி ஓடவிட்டோம். அன்று பின்னேரம், வேறு இரண்டு பேர் எடுத்த நேரங்களோடு என்னுடையதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் இந்த ஆள் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். நான் எழுதிக் கொடுக்கும் தாளின் பிரதிதான் மற்ற அணிகளுக்கும் போனது. உடுப்புத் தோய்க்கிறவனுக்கு இது சின்னக் காரியமா? வீட்டுக்கு ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த வருசம், மகள் வந்து மூன்று மாதம். சுவரில் அட்டைகளை ஒட்ட உதவிக்கொண்டிருந்தபோது அவனுடைய படத்தைக் கண்டேன். தலைமயிர் கொஞ்சம் வளர்ந்திருந்தது, வேறு மாற்றம் இல்லை. பந்தை ஓடிப் பிடிக்கிற இடத்துக்கு விளையாடுகிறவன். மேலே இருந்து ஆறாவது அட்டை. கிழவர் அதைத் தட்டி, "நாற்பது யாரை நாலு தசம் ஏழு செக்கனுக்குள் ஓடினால் இவனை நான் விடமாட்டேன்" என்றார்.  கடவுள் இருக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். அவருக்கும் எனக்கும் அதிகம் பழக்கம் கிடையாது.

ஓட்ட நாள் வந்தது. அவன் முடிவுக் கோட்டுப் பக்கம் நடந்து வந்து, கால்களை உதறிக்கொண்டு, எனக்கு "பொஞ்சூர்" சொன்னான். கண் என்மேல் பட்டது, நிற்கவில்லை. சரி, நல்லது. வலது கையில் ஒரு வாட்ச், இடது கைக்குள் மறைத்து இன்னொன்று. தொடக்கக் கோட்டில் அவன் குனிந்தான். உதவியாளரின் கை விழுந்தது. வலது கையால் அமுக்கினேன், ஊர் முறைப்படி. அவன் ஒரு மூச்செடுத்தான், தோள் அசைந்தது. இடது கையால் அமுக்கினேன், அவர்கள் முறைப்படி. ஏன் இரண்டாவது வாட்ச் என்று கேட்டால், எனக்குத் தெரியவேண்டும், அவ்வளவுதான். ஒருவன் எனக்கு முன்னால் ஓட, அவனுடைய சரியான நேரம் தெரியாமல் வீட்டுக்குப் போக என்னால் ஏலாது.

வலது கையில் ஐந்து தசம் ஒன்று. அதைச் சத்தமாக வாசித்தேன். இரண்டாம் தரமும் ஓடினான், அதே மாதிரிச் செய்தேன். ஐந்து தசம் பூச்சியம் எட்டு. பந்து பிடிக்கிறவனுக்கு அந்த நேரம் மரண அறிவித்தல் மாதிரி.

கிழவர் பல்லுக்குத்தியை வாயிலிருந்து எடுத்தார். "பார்க்க வேகமாகத்தானே தெரிந்தான். கை பிசகிவிட்டதா? சொல்லு, இன்னொரு தரம் ஓடவிடுகிறேன்."

பிசகிவிட்டது என்று ஒரு சொல் சொன்னால் போதும். பெடியன் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இளைத்தபடி எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ரை கை பிசகாது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தெரிவு நாளில் தொலைபேசியில் ஒவ்வொரு அணியும் பெயர் சொல்லச் சொல்ல, அட்டைகளைச் சுவரிலிருந்து கழற்றுவது என் வேலை. காலையிலிருந்து பின்னேரம் வரை கழற்றினேன். ஓட்ட நாளுக்குப் பிறகு கீழ் வரிசைக்கு இறக்கிய அவனுடைய அட்டை அப்படியே இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் அதை நான் கழற்றி, யாரும் பார்க்காத நேரம் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்போது மெட்ரோவில் கதிரையில் இருக்கப் பிடிக்காமல் நின்றுகொண்டே போனேன். அவ்வளவு சந்தோசம்.

அன்றைக்குத்தான் மனைவிக்கு எல்லாம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, கேட்டு முடித்து, "நல்லாய் வேணும் அவனுக்கு" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு, "அவன்ரை முகம் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். நேரத்தை வாசித்த கணத்தில் நான் வாட்சைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்கள் எண்டு அவனுக்குத் தெரியுமோ?" 

"இல்லை."

"ஏனெண்டும் தெரியாதோ?"

"இல்லையப்பா."

"பேந்தென்ன? மழையிலை நனைஞ்ச மாதிரித்தானே அவனுக்கு. உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை எடுத்தாள். உப்பு உறைப்பு இல்லாத கறி மாதிரிப் போய்விட்டது என் பழி. அன்றிரவு நித்திரை இல்லை, மறுநாளும் இல்லை. அவனுக்குத் தெரியவேண்டும். என்னை யாரென்று கண்டு, அந்த விரலை நினைத்து, அவன் துடிக்கவேண்டும். அவன் கிழவரிடம் போய்ச் சொன்னால் என் வேலை போகும். போகட்டும். இந்த நாட்டில் தோய்க்க உடுப்பா இல்லை?

"போகாதேங்கோ" என்றாள் மனைவி. "முடிஞ்சது முடிஞ்சுபோச்சு."

"முடியேல்லை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அட்டையில் இருந்த விலாசத்துக்குப் போனேன். மெட்ரோவில் கடைசித் தரிப்பு வரை போய், பஸ் பிடித்து, லாசாலில் இறங்கினேன். வழி முழுக்க ஆங்கிலத்தில் வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். வெளிப்படி ஏறி மணி அடித்தேன். அவனே கதவைத் திறந்தான். பனியனோடு, கையில் ஒரு பால் கோப்பை. தாடி மழிக்கவில்லை, கண் வீங்கியிருந்தது. நான் பார்க்க விரும்பிய முகம் ஏறத்தாழ அதுதான்.

சொன்னேன். உன் நேரத்தைப் பிழையாக எடுத்தது நான், வேண்டுமென்றே எடுத்தேன் என்றேன். உன் மாமனுடைய தொழிற்சாலை, இயந்திரத்துக்குள் போன பந்து, நீ நீட்டிய விரல், போன வேலை, என்னை மாமா என்று கேட்ட பிள்ளை, ஒன்றும் விடவில்லை. பாடமாக்கியதெல்லாம் சொல்லி முடித்தேன்.

அவன் நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்தான். "பெல்ட் பிய்ந்தது ஞாபகம் இருக்கிறது" என்றான். பிறகு, உண்மையாகவே யோசித்து, "நீங்கள் எந்த ஆள்? அங்கே உங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்களே" என்றான்.

அடப் பாவி!  ஒன்றரை வருசம். மகள் நடை பழகியதை நான் காணவில்லை, முதல் கதைத்ததைக் கேட்கவில்லை. இவனுக்கு நான் எந்த ஆள் என்று தெரியவில்லை. அடிப்பான், கத்துவான், காவல்துறையைக் கூப்பிடுவான் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் போனவன், இதற்கு ஆயத்தமில்லாமல் நின்றேன்.

அதற்குள் அவனுக்கு வேறு யோசனை ஓடிவிட்டது. "அப்படியென்றால் அது என் நேரம் இல்லையா?" என்று கேட்டான். "சரியான நேரம் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நாலு தசம் ஒன்பது என்று சொல்லி அவனைத் திரும்பவும் குழிக்குள் தள்ளியிருக்கலாம். அந்த நேரத்திலும் அது எனக்கு உறைத்தது. ஆனால் பொய் நேரம் சொல்ல நாக்குப் புரளவில்லை. அன்று வாசித்த ஐந்து தசம் ஒன்றும் வாட்ச் காட்டியதுதான். இல்லாத ஒன்றை நான் வாசித்தது கிடையாது.

"நாலு தசம் ஆறு எட்டு" என்றேன். "ரெண்டாம் தரம் நாலு தசம் ஆறு ஏழு. அண்டைக்கு ஓடின எல்லாரிலும் நீதான் வேகம்."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னேன். கோப்பையைப் படியில் வைத்தான், பால் கொஞ்சம் சிந்தியது. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. திரும்பி வீட்டுக்குள் பார்த்து, தாயைக் கூப்பிட்டு, அந்த நேரத்தைப் பிரெஞ்சில் கத்திக்கொண்டே உள்ளே ஓடினான். உள்ளே கதிரை தள்ளுப்படும் சத்தம் கேட்டது, பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். நான் திறந்த கதவுக்கு முன்னால், போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

தாய் வெளியே வந்தாள். என் வயதுதான் இருக்கும், ஏப்ரன் கட்டியிருந்தாள். நான் செய்தது என்ன என்று மகன் அவளுக்கு முழுக்கச் சொல்லியிருக்கமாட்டான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்து, "மெர்சி, முசியூ, மெர்சி" என்று நன்றி சொன்னாள்.