பஸ்ஸில் ஏறாத பிள்ளைகள்

பன்னிரண்டு பேர் கொண்ட எங்கள் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சியாளர் நான். நான் வைத்த சட்டம் ஒன்றுதான்: ஒராள் வராவிட்டால் ஒருவரும் பஸ்ஸில் ஏறக் கூடாது. பிந்தி வருபவளைத் திட்ட மாட்டேன். எல்லோரையும் வெயிலில் நிற்க வைப்பேன். கொஞ்ச நாளில் அவர்களே வீடு வீடாகப் போய் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக் கூட்டி வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மட்டக்களப்பில் இறுதிப்போட்டி. வாழைச்சேனையில் பஸ் காத்திருக்க, அங்கே போகும் வழியில் பனிச்சங்கேணிப் பாலத்தில் என் ஸ்கூட்டர் டயர் காற்றுப் போய்விட்டது. இரு பக்கமும் தண்ணீர். ஒரு வாகனத்தையும் காணோம். அணித் தலைவி நிலானிக்கு போன் எடுத்தேன்.

“நீங்க போங்க புள்ள, நான் பின்னால வாறன்.”

“ஏலா மிஸ். ஒராள் வராட்டி ஏறப்படாதே.”

“அது உங்களுக்குச் சொன்ன சட்டம்!”

“நீங்களும் எங்கட ஆள்தானே மிஸ்?”

ஏறச் சொல்லி அதட்டினால் நான் கட்டியதை நானே இடிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் போட்டி போய்விடும். போனைக் காதில் வைத்தபடியே வண்டியைத் தள்ளினேன். பாலம் முடிவதாக இல்லை.

கடைசியில் ஒரு மீன் லொறி என்னை வாழைச்சேனை வரை ஏற்றிக்கொண்டது; அங்கே பன்னிரண்டு பேரும் பஸ்ஸுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரணி கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. சில பிள்ளைகள் அழுதார்கள். என்னை ஒருத்தியும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ் வாசலில் நின்று நிலானி எண்ணினாள். “பதின்மூண்டு. சரி, ஏறுங்க.”

நான் எண்ணும்போதெல்லாம் பன்னிரண்டோடு நிறுத்தியிருக்கிறேன்.