அந்த ஸ்டாரை எப்போது போட்டார்கள்?

1. கோரிமேட்டில் நின்ற வண்டி

ஜெயந்தியின் போன் வந்தபோது தட்டாஞ்சாவடி ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டிக்கு ஜாப் கார்டு போட்டுக்கொண்டிருந்தேன். கார் டீலரிடம் சர்வீஸ் அட்வைசர் வேலை எனக்கு. கஸ்டமர் சொல்லும் கம்ப்ளெயின்ட்டை மெக்கானிக்குக்குப் புரிகிற மாதிரி எழுதித் தரவேண்டும்.

"அண்ணா, ஓடிக்கிட்டே இருந்த வண்டி நின்னுடுச்சி. கோரிமேட்ல நடு ரோட்ல நிக்கிறேன். உள்ள டயாலிசிஸ் பேஷன்ட் இருக்காரு."

"சார்ஜ் எவ்ளோ காட்டுச்சிமா?"

"பாதிக்கு மேல இருந்துச்சிண்ணா. திடீர்னு ஸ்கிரீன் கறுத்துப்போச்சி. தள்ளினாலும் நகர மாட்டேங்குது."

ஜெயந்தி மில் தொழிலாளி குடும்பத்துப் பெண். வாடகைக்கு ஓட்டுவதற்காகவே எலெக்ட்ரிக் கார் எடுத்தவர். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவது அவருடைய தொழில்.

"வண்டிய நாங்க பாத்துக்கறோம். நீ மொதல்ல அவர ஆட்டோல ஏத்து" என்றேன். ஏற்றிவிட்டு ஜெயந்தியும் கூடவே போனார். தாமதமாகப் போனாலும் அன்றைக்கு டயாலிசிஸ் நடந்துவிட்டது. ஆனால் அந்தப் பெரியவர், "இனிமே நான் பஸ்லயே வந்துக்கறேன்மா" என்று சொல்லிவிட்டாராம்.

2. சின்ன பேட்டரி

ஸ்கேனர் போட்டுப் பார்த்தோம். வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரியில் குறை இல்லை. விளக்கு, ஸ்கிரீன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற சின்ன பன்னிரண்டு வோல்ட் பேட்டரி படுத்துவிட்டது. அது படுத்தால் பெரியதில் எவ்வளவு இருந்தாலும் வண்டி அசையாது. புதிதாக மாற்றிக் கொடுத்தோம். சில வாரத்தில் அதுவும் படுத்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான். அதே மாடலில் உப்பளம் ஏரியாக்காரர் ஒருவரின் வண்டியும் அதே கம்ப்ளெயின்ட்டோடு யார்டில் நின்றது. சின்ன பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கன்வெர்ட்டரில்தான் கோளாறு என்று மெக்கானிக் சொன்னார்.

மேனேஜர் என்னை விட வயதில் சின்னவர். "சார், ரெண்டையும் சாஃப்ட்வேர் அப்டேட்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுங்க" என்றார்.

"ரோட்ல நின்ன வண்டி சார் அது."

"சார்ஜ் ஏத்துனா ஓடுதில்ல? விடுங்க சார்."

அப்படிப் போட்டால் இரண்டு வண்டி நடுரோட்டில் நின்ற விஷயம் கம்பெனிக்குப் போகவே போகாது. நின்றதை நின்றது என்றுதான் எழுதினேன். மேனேஜர் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

3. ஜெயந்தி படித்த ரேட்டிங்

"நான் ஒண்ணும் கண்ண மூடிக்கிட்டு வாங்கலண்ணா" என்று ஜெயந்தி வெயிட்டிங் ரூமில் போனை எடுத்துக் காட்டினார். "எது மக்கர் பண்ணாதுன்னு தேடித் தேடிப் பாத்துதான் எடுத்தேன். இந்த மாடலுக்குத்தான் கிட்டத்தட்ட அஞ்சு ஸ்டாரு."

இருவரும் உட்கார்ந்து கீழே எழுதியிருந்ததைப் படித்தோம். 'இன்னிக்குதான் டெலிவரி எடுத்தோம், சூப்பர் வண்டி.' 'கலர் செம.' பாதிக்கு மேல் மாலை போட்ட வண்டியும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமுமாக போட்டோக்கள்.

தள்ளிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. பட்டுப்புடவையில் சாவி வாங்கும் ஜெயந்தி. பக்கத்தில் ஐந்து ஸ்டார்.

"ஐயோ, இது நான் போட்டதுதான்ணா! ஸ்வீட் பாக்ஸ கையில குடுத்துட்டு, 'அக்கா, அப்படியே ஒரு அஞ்சு ஸ்டார் தட்டிடுங்க'ன்னான் சேல்ஸ் பையன். தட்டிட்டேன். ஷோரூம விட்டு வண்டி வெளியவே வரல அப்ப."

வேண்டாமென்று அவர் தள்ளிவிட்ட இன்னொரு கம்பெனி வண்டிக்கு மூன்று ஸ்டார்தான். அதையும் படித்தோம். பாட்டு நின்று நின்று வருகிறது, போனோடு கனெக்ட் ஆகவில்லை என்றுதான் நிறைய பேர் திட்டியிருந்தார்கள். வண்டியே நின்றதாக நாங்கள் படித்தவரை ஒருவரும் எழுதவில்லை. அதற்காக அந்த வண்டி நல்லது என்றும் நான் சொல்லவில்லை. சந்தோஷத்தில் போட்ட ஸ்டாரை நம்பாதவன், கோபத்தில் போட்டதை மட்டும் எப்படி நம்புவது?

"ஒரு ஸ்டாரா மாத்திடவா?" என்று கேட்டார்.

"ஸ்டார் உன் இஷ்டம்மா. நடந்தத நடந்த மாதிரி எழுது."

இரண்டு ஸ்டார் போட்டார். 'ஓடுறப்ப நல்லா ஓடுது. ஆனா பேஷன்டோட நடு ரோட்ல நின்னுடுச்சி' என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினார்.

கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். இரண்டு வண்டிக்கும் வாரன்டியில் கன்வெர்ட்டர் மாற்றினார்கள். ரிவ்யூவைப் பார்த்து வந்தாரா, என் ஜாப் கார்டைப் பார்த்து வந்தாரா, தெரியாது. சாவியைக் கொடுக்கும்போது மேனேஜர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "வண்டிதான் சரியாயிடுச்சே, அந்த ரிவ்யூவ எடுத்துடலாமேக்கா?"

"சரி பண்ணிக் குடுத்தீங்கன்னு சேத்து எழுதறேன் சார். நின்னது நின்னதுதானே, அத எடுக்க மாட்டேன்."

4. மேனேஜரின் போன்

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். எலெக்ட்ரிக் கார் வாங்கப்போகிறவர்கள் போனில் ஸ்டாரைக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்கள். அதைப் போட்டவர் அதுவரை எவ்வளவு தூரம் ஓட்டியிருந்தார், குறை பாட்டு சிஸ்டத்திலா, வண்டியின் ஓட்டத்திலா என்று பாருங்கள் என்பேன். முடிந்தால் ஒரு காலையில் சர்வீஸ் சென்டர் வாசலுக்குப் போய், வண்டி விட வருகிற டிரைவர்களிடம் பேச்சுக் கொடுங்கள் என்பேன்.

சமீபத்தில் என் பழைய மேனேஜரே போன் செய்தார். வீட்டுக்கு எலெக்ட்ரிக் கார் எடுக்கப்போகிறாராம்.

"சார், எது நிக்காம ஓடும்? உண்மைய சொல்லுங்க."

"ரேட்டிங் பாத்தீங்களா?"

"அத எதுக்கு சார் பாக்கறது?" என்றார். "அத கேட்டு வாங்கறதே நாங்கதானே."