மாப்பிள்ளை இல்லாத வெள்ளையடிப்பு

எங்கள் ஊரில் ஒருவர் காணி வாங்கினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி சொல்வார். விற்பதென்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. வெளிநாடு போவதென்றால் இன்னும் மோசம். ஆட்கள் விமானம் ஏறிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே விஷயம் தெரியவரும். நாவூறு பட்டுவிடுமாம். பறக்கிற விமானத்தை நாக்கால் இழுத்து விழுத்துவதைத் தவிர இந்த ஊருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கலாம். உண்மையைச் சொன்னால், இல்லைத்தான்.

ஆகவே சண்டிலிப்பாயில் இருக்கும் எங்கள் வீட்டையும் வளவையும் விற்றுவிட்டு அப்பாவும் நானும் கனடாவில் இருக்கும் தம்பிமாரிடம் போவதென்று முடிவானபோது, அப்பா முதலில் சொன்னது இதுதான்:

“பிள்ளை, ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. பிளேன் ஏறினாப் பிறகு தெரிஞ்சால் காணும்.”

முடிவானது என்றால் தம்பிமார் இருவரும் தங்களுக்குள் கதைத்து முடிவு செய்தது. அப்பாவுக்குச் சொன்னார்கள். அப்பா எனக்குச் சொன்னார்.

இந்த வீடு எனக்காகக் கட்டியது. அதை நான் சொல்லித் திரியவில்லை, அந்தக் காலத்தில் அப்பாவே ஊர் முழுக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும்; கலியாணம் பொருந்தினால் சீதன உறுதி எழுதி வீட்டை அவள் பேருக்கு மாற்றுவார்கள். வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார் என்பார்கள். அப்பா முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவது தானாகப் படலையைத் திறந்துகொண்டு வரும் என்று இருந்துவிட்டார். வந்த மாப்பிள்ளைகளில் ஒருவருக்கு என் சாதகத்திலிருந்த செவ்வாய் பிடிக்கவில்லை. ஒருவருக்கு என் நிறம் பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு வீடு நன்றாகப் பிடித்திருந்தது, என்னைத்தான் பிடிக்கவில்லை. பிறகு சண்டையும் இடப்பெயர்வும். திரும்பி வந்து கூரை போட்டு முடித்தபோது என்னைக் கேட்டு வருகிறவர்கள் நின்றுபோயிருந்தார்கள்.

மாப்பிள்ளை வராததால் உறுதியும் எழுதப்படவில்லை. அம்மா போன பிறகு இந்த வீட்டைக் கூட்டியது, கழுவியது, ஓடு மாற்றியது, வேலி அடைப்பித்தது, அப்பாவுக்கு வேளைக்கு மருந்து கொடுத்தது எல்லாம் நான். உறுதி எழுதாமலே எனக்குத் தந்தது விளக்குமாறு ஒன்றுதான். கனடா போக எனக்கு விருப்பமில்லை என்றும் இல்லை. ஆனால் போவதற்கு முன் இது என்னுடைய வீடு என்று யாராவது ஒருவர் வாய் திறந்து சொல்லவேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கவும் வெட்கமாக இருந்தது.

விற்பதற்கு ஒரு புறோக்கரைத் தம்பிமார் பிடித்துத் தந்தார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்டவர், கையில் இரண்டு போன். வந்த அன்றே படலையடியில் நின்ற முருங்கையைத் தறிக்கச் சொன்னார். வாசலில் முருங்கை நின்றால் வாங்குகிறவனுக்கு ஆகாதாம். அன்றைக்கே இதே முருங்கைக்காய்க் கறியோடு எங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டபோது அந்த மனிதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முருங்கை போயிற்று. பின்னால் நின்ற தோடை மரமும் போயிற்று. நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கத்தரிப் பாத்தியை மண் போட்டு மூடி, அதன்மேல் சீமெந்துச் சட்டிகளில் வாசனை இல்லாத ஏதோ பூக்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்க்கிற கண்ணுக்கு வடிவாக இருக்கவேண்டுமாம். காய்க்கிற மரத்தைத் தறித்துவிட்டுக் காய்க்காத செடியை வாடகைக்கு வாங்கி வைக்கிற மூளைக்கு என்ன பேர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மேற்பார்வை கனடாவிலிருந்து நடந்தது. சின்னத்தம்பி வீடியோவில் வந்து, “அக்கா, போனைத் திருப்புங்கோ. சுவரைக் காட்டுங்கோ. ஐயோ, உந்த நிறம் வேண்டாம். சந்தன நிறம் அடியுங்கோ” என்பான். பனியில் இருந்துகொண்டு சண்டிலிப்பாய்ச் சுவருக்கு நிறம் பார்த்தான். அவன் இந்த வீட்டை விட்டுப் போகும்போது சுவருக்குப் பூச்சே இருக்கவில்லை.

சுவருக்குச் சந்தன நிறம், கிணறு இறைப்பு, வளவு துப்புரவு, புதிய தகர வேலி, போதாதற்கு நான் பட்டணத்தில் வாங்கிவந்த இரண்டு பெரிய சூட்கேஸ். எங்கள் ஊரில் இதெல்லாம் ஒன்றாக நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. நாங்கள் விற்பனைக் கதையை அப்படி மூடி மறைத்ததால், ஊர் தனக்குத் தெரிந்த காரணத்தைத் தானே எடுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“என்ன பிள்ளை, விசேசம் போலை. மாப்பிள்ளை எவடம்?”

ஐம்பது வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வி. சிரிப்பதா, தகரத்தில் தலையை இடிப்பதா என்று தெரியாமல் நின்றேன். “ஒண்டுமில்லை மாமி, சும்மா பெயின்ற் அடிக்கிறம்” என்றேன். சும்மா யாரும் பெயின்ற் அடிப்பதில்லை என்று அவவுக்குத் தெரியும். பின்னேரத்துக்குள் மாப்பிள்ளை பிறந்துவிட்டார். அடுத்த நாள் சுவிஸில் குடியேறினார். அதற்கடுத்த நாள் அவருக்கு இது இரண்டாம் தாரம் என்றும், முதல் தாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் உண்டு என்றும், முழங்காலில் வருத்தம் என்றும் கூட்டுறவுச் சங்கக் கடையில் வைத்து என்னிடமே சொன்னார்கள். எனக்கு ஒரு நல்ல முழங்கால்கூட இவர்கள் மனதாரத் தரவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் அப்பாவிடம் ஓடிவந்து சொன்னேன். மறுத்துச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார்.

“நல்லதாப் போச்சு. அப்பிடியே நினைக்கட்டும். வீடு விக்கிற கதை வெளியிலை வராது.”

அதன்பிறகு யாராவது படலையடியில் கலியாணம் பற்றிக் கேட்டால் அப்பா “ம்” என்று ஒரு சத்தம் போடுவார். ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. நடக்காத என் கலியாணம் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வீட்டுக்கு உபயோகப்பட்டது. அன்று அப்பாவுக்கு நான் சாப்பாடு போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்கு மணப்பெண்ணாக இருந்த நான், வாங்க வந்தவர்களுக்கு அதைவிடக் கீழே இறங்கவேண்டி வந்தது. அரியாலையிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வருகிறது என்று புறோக்கர் சொன்னார். மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வீடு தேடுகிறார்களாம். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

“தங்கச்சி, கோவிக்காதேங்கோ. சீதனத்துக்கு வீடு வாங்கிற ஆக்கள் ராசி பாப்பினம். வீட்டிலை கலியாணமாகாமல் ஒரு குமர் இருந்து... விளங்குதுதானே. அவை வாற நேரம் நீங்கள் எங்கையும் போய் நிண்டால் நல்லது.”

“நான் போனால் தேத்தண்ணி ஆர் ஊத்திறது? நீங்களோ?”

“அப்ப நில்லுங்கோ. ஆனால் மகள் எண்டு சொல்ல வேண்டாம்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா புதிதாகப் பெயின்ற் அடித்த சுவரைப் பார்த்தார்.

வந்தார்கள். தாய், தகப்பன், கலியாணம் பேசியிருக்கும் பிள்ளை. பிள்ளை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. தகப்பன் சுவரைத் தட்டிப் பார்த்தார். தாய் சுவரைப் பார்க்கவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை, நேரே விஷயத்துக்கு வந்தா.

“இந்த வீட்டுப் பிள்ளையள் கலியாணம் கட்டி நல்லா இருக்கினமோ?”

“ஓம் ஓம்,” என்றார் புறோக்கர். “மகளும் குடும்பமாக் கனடாவிலை. ரெண்டு பிள்ளையள்.”

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். கனடாவில் எனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பது அப்போதுதான் எனக்கே தெரியவந்தது. தாய் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தா.

“நீங்கள் ஆர் பிள்ளை?”

“உவ இஞ்சை வீட்டு வேலைக்கு நிக்கிறவ,” என்றார் புறோக்கர்.

அப்பா ஏதாவது சொல்லுவார் என்று நான் பொறுத்துக்கொண்டு நின்றேன். அவர் வேட்டிக் கரையைத் திருகிக்கொண்டிருந்தார். இவ்வளவு காலமும் எனக்கு வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை. தட்டை மேசையில் வைத்தேன்.

“நான் இவரின்ரை மூத்த மகள். இந்த வீடு எனக்குச் சீதனமாக் கட்டினது. எனக்குக் கலியாணம் நடக்கேல்லை. வீட்டிலை ஒரு குறையும் இல்லை. கூரை ஒழுகாது, கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி. விருப்பமெண்டால் வாங்குங்கோ.”

தாய் ஒரு வாய்கூடக் குடிக்காமல் தேத்தண்ணியைத் தட்டில் திருப்பி வைத்தா. என் ராசி தேயிலையிலும் கலந்திருக்கும் என்று பயந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளை மட்டும் தன் கோப்பையை முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழும்பியது. நன்றாக இருக்கட்டும், அது எங்கே போனாலும்.

புறோக்கர் படலை வரைக்கும் அவர்கள் பின்னால் ஓடினார். அவர் சொல்லிக் கேட்டு, சின்னத்தம்பி கனடாவிலிருந்து போனில் கத்தினான்.

“அக்கா, உங்களுக்கென்ன விசரோ? வந்த ஆக்களைக் கலைச்சுப் போட்டியள்!”

“ஓமடா, விசர்தான். நான் வேலைக்காரி எண்டால் நீ என்ரை சம்பளத்தை அனுப்படா,” என்றேன். போனை வைத்தேன்.

அடுத்த நாள் காலை அப்பா தேய்த்த வேட்டி உடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஓட்டோவுக்குச் சொல்லச் சொன்னார். எங்கே என்று நான் கேட்கவில்லை. உறுதி எழுதுகிற நொத்தாரிசு வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் விளங்கியது. நொத்தாரிசு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“சீதன உறுதியோ? மாப்பிள்ளையின்ரை பேர் என்ன?”

“மாப்பிள்ளை இல்லை,” என்றார் அப்பா. “வீடு இருக்கு. பிள்ளை இருக்கு. எழுதுங்கோ.”

அப்படியென்றால் அது சீதனம் இல்லை, நன்கொடை என்று நொத்தாரிசு விளக்கம் சொன்னார். என்ன பேரோ போட்டு வீட்டை என் பேருக்கு எழுதச் சொன்னார் அப்பா. ஒரு பேனையும் கடுதாசியும் போதுமாக இருந்த காரியத்துக்கு இத்தனை காலமும் வராத ஒருவனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் அழுதேன். நன்றி என்று ஒரு சொல் எனக்கு வாயில் வரவில்லை. அப்பாவும் அதை எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது அவருக்குப் பிடித்த மிளகாய்ப் பொரியலையும் வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

பின்னேரம் வேலி அடைத்து மிஞ்சிய தகரத் துண்டொன்றை எடுத்தேன். மிஞ்சிய சந்தன நிறத்தைப் பூசிக் காயவிட்டு, கறுப்பால் நானே எழுதினேன்: இந்த வீடும் வளவும் விற்பனைக்கு. உரித்தாளரோடு கதைக்கவும். ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று படலையில் கட்டினேன். கம்பியை முறுக்கி முடிக்கவில்லை, மாமி வந்துவிட்டா. எழுத்துக் கூட்டி வாசித்தா.

“அப்ப கலியாணம்?”

“இல்லை மாமி.”

“ஐயோ பிள்ளை,” என்று கன்னத்தில் கை வைத்தா. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத மாதிரி. பிறகு தகரத்தை இன்னொரு தடவை வாசித்தா. அவவின் சொந்தக்காரர் ஆருக்கோ காணி வேண்டும் போலிருந்தது.

“உதிலை உரித்தாளர் எண்டு கிடக்கு. ஆரோடை கதைக்கிறது? கொப்பரோடையோ, தம்பிமாரோடையோ?”

“என்னோடை,” என்றேன்.