நைட்டி மேல் துண்டு

போன சனிக்கிழமை தொம்மலூரில் எங்கள் பாட்டரி கிளாஸின், அதாவது மண்பாண்டம் செய்யக் கற்கும் வகுப்பின், கண்காட்சி. என் சிற்பத்தைப் பார்க்க அம்மா ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறாள். நானோ பாத்ரூமில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன்? சிற்பமே அம்மாதான். நைட்டி போட்ட அம்மா. இரண்டடி உயரம், களிமண்.

நம் வீட்டு நைட்டிக்கு ஒரு சட்டம் உண்டு, தெரியும்தானே? பெல் அடித்தால் மேலே துண்டு. ஜோகுபாளையத்து வீட்டில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, அதில் பச்சைக் கோடு போட்ட ஒரு துண்டு. குளிக்க அதை எடுக்கக் கூடாது, முகம் துடைக்கவும் கூடாது. "மேடம், கேஸ் பந்திதே" என்று சிலிண்டர்காரரின் கன்னடக் குரல் வாசலில் கேட்டால் பால் பொங்கி வழிந்தாலும் சரி — முதலில் துண்டு, அப்புறம்தான் தாழ்ப்பாள்.

ஏழாவது படிக்கும்போது ஒருநாள் கதவைத் திறக்க நான் ஓடினேன். துண்டு பறந்து வந்து என் தோளில் விழுந்தது. "இனிமே நீயும்தான்." அவ்வளவுதான் விளக்கம். எங்கள் பயாலஜி மிஸ்கூட இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

வெட்கத்துக்கும் சைஸ் உண்டு மக்களே. முப்பதுக்கு அறுபது இஞ்ச்.

சிற்பத்துக்கு அம்மாவிடம் பர்மிஷன் வாங்கியது பெரிய பஞ்சாயத்து.

"ஊரே வந்து பாக்குமாடி?"

"ஒரு முப்பது பேர் வருவாங்கம்மா."

"துண்டு போட்டிருக்கேனா?"

"போட்டிருக்க. ப்ராமிஸ்."

"அப்ப செஞ்சிக்கோ."

விஷயம் என்னவென்றால்... துண்டு போச்சு. உடம்பு நன்றாகக் காய்ந்த பிறகு, வயிறு வரை தொங்குகிற மாதிரி ஈர மண்ணில் துண்டு செய்து மேலே ஒட்டியிருந்தேன். ஈர மண் காயக் காயச் சுருங்கும். ஏற்கெனவே காய்ந்தது சுருங்காது. சூளையைத் திறந்தால் துண்டு மட்டும் மூன்று சில்லாகக் கிடக்கிறது. அம்மா மேல் ஒரு கீறல் இல்லை.

அம்மா வந்தாள். நல்ல புடவை, மல்லிப்பூ, கையில் எனக்கு டிபன் பாக்ஸ். நேராகப் போய்ச் சிற்பத்தின் முன்னால் நின்றாள். பக்கத்தில் ஒரு தாடிக்காரர் அதை போனில் படம் எடுக்க ஆங்கிள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துண்டு எங்கடி?"

"சூளைல உடைஞ்சிடுச்சும்மா. சிலையையே எடுத்துடட்டுமா? இல்ல, சில்லெல்லாம் பையில இருக்கு, க்ளூ போட்டு ஒட்டிடறேன், அஞ்சு நிமிஷம்."

அம்மா சிற்பத்தின் பக்கம் குனிந்தாள். தொங்கின மார்பு, சரிந்த தோள், முன்தள்ளிய வயிறு — ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வயிற்றில் விரல் வைத்தாள். சிற்பம் முழுக்க மங்கலான மண் நிறம். அங்கே மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு. துண்டு போய் வெறிச்சென்று இருந்த இடத்தில் நான் கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசி மறுபடி சுட்டது.

"இங்க மட்டும் ஏன் மினுக்குது?"

"ஈரம்மா. பாத்திரம் தேய்க்கறப்ப சிங்க்ல சாஞ்சி நிப்பல்ல..."

ஸ்கூல் விட்டு வந்து கட்டிப்பிடித்தால் என் கன்னம் சரியாக அந்த ஈரத்தில்தான் போய் ஒட்டும். பாத்திர சோப்பு வாசனை, சில்லிப்பு, உள்ளே கடமுடவென்று வயிறு. அப்புறம் நான் வளர்ந்து தொலைத்தேன். கன்னம் அவள் தோளுக்கு மேலே போய்விட்டது.

அம்மா விரலை எடுக்கவில்லை. தாடிக்காரர் காத்திருந்தார். நான் க்ளூ மூடியைத் திறந்தேன்.

"அத ஓரமா வைடி," என்றாள். "துண்டப் போட்டா ஈரம் மறைஞ்சிடும்."